பக்கவாதத்துக்குப் பின் சூம்பிய கால் மீண்டும் நடக்குமா?

பாலக்கோடு வாசகி கேட்டது:

வணக்கம். என் தந்தைக்கு வயது 63. பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரில் தக்காளியும் மல்பெரியும் பயிரிட்டு, நோய் வரும் நாள்வரை தாமே மடை திருப்பிக்கொண்டிருந்தவர். நான்கு மாதங்களுக்கு முன்பு மூளையின் இடப்பக்க இரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு ஏற்பட்டு, அவருக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகளாக இருப்பவை. இப்போது மாத்திரைகளால் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் கூறுகிறார். பேச்சு பெருமளவு தெளிந்துவிட்டது. தாமாக உட்காருகிறார், கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார், இருவர் தாங்கினால் சில அடிகள் எடுத்து வைக்கிறார். நடக்கும்போது வலது முழங்கால் பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொள்கிறது. பாதத்தின் முன்பகுதி தரையில் தேய்கிறது.

எங்களை மிகவும் அச்சுறுத்துவது அவருடைய தொடை. ஏர் பிடித்த காலத்துத் தொடை கண்ணெதிரே சூம்பி வருகிறது. வலத்தொடைதான் அதிகம் என்றாலும் இடத்தொடையும் முன்போல் இல்லை. தசை செத்துவிட்டது, இனி வளராது என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அப்பா பயிற்சி செய்யவே மறுக்கிறார். புறா இரத்தம் தேய்க்கச் சொல்பவர்களும், மூலிகை எண்ணெய் போட்டால் போதும், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்பவர்களும் வந்து போகிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை ஒருவர் வந்து காலில் கரண்ட் வைத்துவிட்டுச் செல்கிறார். வேறு எந்தப் பயிற்சியும் அவர் சொல்லித் தருவதில்லை. விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் அம்மா அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை.

நான் அறிய விரும்புவது இவைதாம். சூம்பிய தசை உண்மையில் மீளுமா, நான்கு மாதம் கடந்தபின் பயிற்சி தொடங்கிப் பயன் உண்டா, இதற்காகப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று இயந்திரங்கள் உள்ள இடத்தில் தங்கவைக்க வேண்டுமா, உணவில் எதைக் கூட்ட வேண்டும்? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கிருஷ்ணகிரி இயன்முறை மருத்துவர் எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் தந்தையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தசை சாகவில்லை. நான்கு மாதம் என்பது காலங்கடந்த நிலையும் இல்லை. இந்த இரண்டையும் அவர் நம்பினால்தான் அடுத்து நான் எழுதப்போவது எதுவும் பயன்படும்.

பக்கவாதத்தில் அடிபடுவது மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை செல்லும் பாதை. கட்டளை குறைவதால் தசை சுருங்கி விரிவது குறைகிறது. வேலை குறைந்த தசை மெலிகிறது. இதன்மேல், படுத்தே கிடப்பதால் வரும் மெலிவும் சேர்ந்துகொள்கிறது. இந்த இரண்டாவது காரணத்தை நாம் மிகவும் குறைவாக மதிப்பிடுகிறோம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களுடைய இரு கால்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்தது. பத்து நாளில் நலமானவர்களுக்கே அந்த நிலை என்றால், மாதக்கணக்கில் கட்டிலில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தந்தையின் இடத்தொடை மெலிந்ததற்கு மூளை அடைப்பைவிடப் படுக்கைதான் முதன்மைக் காரணமாக இருக்கும். மூளையில் இறந்துபோன பகுதியை நாம் உயிர்ப்பிக்க முடியாது என்றாலும், படுக்கையால் வந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்க முடியும். அருகிலுள்ள மூளைப் பகுதிகள் பழைய வேலையைக் கற்றுக்கொள்வதற்கும் அதே பயிற்சிதான் வழி.

ஒரு விதிவிலக்கை இங்கேயே குறிப்பிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொடை நரம்பு தனியாகப் பாதிக்கப்பட்டு, இடுப்பிலோ தொடையிலோ கடும் வலியுடன் சில வாரங்களில் தொடை வேகமாக மெலிவதுண்டு. உங்கள் தந்தைக்கு அத்தகைய வலி இருந்தால், குறிப்பாக இடத்தொடையில் இருந்தால், இதைப் பக்கவாதத்தின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள்.

இனி பயிற்சி. நடப்பதற்குத் தேவையான தசையை வளர்க்க, அந்தக் கால் உடல் எடையைத் தாங்க வேண்டும். எனவே நான் முதலிடம் கொடுப்பது உட்கார்ந்து எழுவதற்குத்தான். கயிற்றுக் கட்டில் இதற்கு உதவாது. நடுவில் தொய்வதால் இடுப்பு கீழே இறங்கி, எழவே முடியாமல் போகும். சுவரோடு ஒட்டிப் போட்ட, கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியில் உட்காரவையுங்கள். தாழ்வாக இருந்தால் உறுதியான பலகையை இருக்கையின் மேல் இட்டு உயர்த்துங்கள். வலப்பாதம் சற்றுப் பின்னேயும் இடப்பாதம் சற்று முன்னேயும் இருக்கட்டும். இப்படி வைத்தால் எழும்போது எடை வலக்காலின்மேல் அதிகம் விழும். பாதங்களை இணையாக வைத்தால் அவரையறியாமல் நல்ல காலே முழு வேலையையும் செய்துவிடும். நெஞ்சை முன்னே சாய்த்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வந்தபின் எழச் சொல்லுங்கள். எழுந்தபின் சற்று நின்று, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். அந்த மெதுவான இறக்கத்திலும் தொடைத்தசை நன்றாக வேலை செய்கிறது.

துணைக்கு நிற்பவர் வலப்பக்கம் நிற்க வேண்டும். வலக்கையைப் பிடித்து மேலே தூக்கக் கூடாது; பக்கவாதத்துக்குப் பின் தோள்மூட்டைச் சுற்றிய தசைகள் தளர்ந்திருப்பதால், அப்படி இழுத்து இழுத்தே தோள் இறங்கித் தீராத வலியோடு வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். இடுப்பில் ஒரு துண்டை இறுகக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிடக் காலை, முற்பகல், மாலை என்று பிரித்துச் செய்வது நல்லது. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவு போதும். தலைசுற்றல், நெஞ்சுவலி, பார்வை மங்கல் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எளிதாகிவிட்டது என்று தோன்றும்போது இருக்கையின் உயரத்தைக் குறையுங்கள், அல்லது இடப்பாதத்தை இன்னும் முன்னே தள்ளுங்கள். பளு கூடாத பயிற்சியில் தசை ஓரளவோடு நின்றுவிடும்.

படுத்த நிலையில், முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்துவது பின்தொடைக்கும் பிட்டத் தசைக்கும் நல்லது. நிற்கும் நிலையில், முழங்கால் பின்னே பூட்டிக்கொள்ளாமல் மிகச் சிறிதளவு மடங்கியபடி நிற்கப் பழக்குங்கள். பூட்டிய முழங்காலில் எலும்பும் தசைநாருமே எடையைத் தாங்கும், தொடைத்தசைக்கு வேலை இராது. கெண்டைக்கால் இறுகியிருந்தாலும் முழங்கால் இப்படிப் பின்னே போகும். அதனால் கணுக்காலை மேல்நோக்கி மடக்கி மெதுவாக நீட்டிவிடுவது அன்றாடம் தேவை. வலுப்பயிற்சி செய்தால் இறுக்கம் கூடிவிடும் என்று முன்பு எங்கள் துறையிலேயே ஓர் அச்சம் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

எண்ணெய் தேய்ப்பது அவருக்கு இதமாக இருந்தால் தேயுங்கள். ஆனால் தேய்ப்பவரின் கைத்தசைதான் அதனால் வளரும். கரண்ட் வைப்பதை நான் முழுதும் தள்ளமாட்டேன். மின்தூண்டல் வரும் நொடியில் அவரும் முயன்று பாதத்தைத் தூக்கினால் அதற்குப் பயன் உண்டு. அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்க, இயந்திரம் மட்டும் காலை உதறினால் நடை வராது. வருபவரிடம் இதைக் கேளுங்கள். எழவும் நிற்கவும் பயிற்றுவிக்க அவர் மறுத்தால் வேறொருவரைத் தேடுங்கள்.

பெங்களூர் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 408 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உடல் எடையைக் கயிற்றால் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவைக்கும் முறையையும், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து வலுவும் சமநிலையும் பயிற்றுவிக்கும் முறையையும் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நடையில் ஒரு படி முன்னேறியிருந்தார்கள். ஆறு மாதம் கடந்தபின் டிரெட்மில் பயிற்சியைத் தொடங்கிய குழுவினரும் அந்த ஆய்வில் இருந்தார்கள், அவர்களும் முன்னேறினார்கள் என்பதை உங்கள் தந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் மூன்று மாதங்களில் வருவதுபோல் விரைவாக இனி வராது என்பதும் உண்மைதான்.

ஆனால் வீட்டிலேயே என்றால் குடும்பத்தார் மட்டும் போதும் என்று பொருள் கொள்ளாதீர்கள். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே மறுவாழ்வுப் பயிற்சியை நடத்தியபோது, வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. என் கருத்தில், அன்றாட உழைப்பு உங்களுடையதாக இருந்தாலும், பயிற்சியின் பளுவை முறையாகக் கூட்டிச் செல்லப் படித்தவர் ஒருவர் இடைவிடாமல் பார்த்துவர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

புறா இரத்தம் குறித்து ஒரே வரி: அதைத் தேய்ப்பதால் நடை வராது. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை மட்டும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். அடுத்த அடைப்பு அந்த வழியாகத்தான் வருகிறது.

காவேரிப்பட்டினம் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மகளே, உன் தந்தையின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு இடப்பக்கம் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்று கோலூன்றிக் கடைத்தெரு வரை தனியாகச் சென்று வருகிறேன். இடக்கை முழுமையாகத் திரும்பவில்லை.

மருத்துவர் ஐயா சொன்ன பயிற்சிகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொடக்கத்தில் எனக்குப் பயிற்சி அளித்த ஒருவர், நடை அழகாக வரும்வரை நடக்கவே கூடாது, தவறான நடை பழகிவிடும் என்று பல வாரங்கள் என்னை நாற்காலியிலேயே இருத்தினார். அந்த வாரங்களில் என் கால் மேலும் சூம்பியது, மனமும் சூம்பியது. பின்னர் வேறொருவர் வந்து, கோணலாக இருந்தாலும் பாதுகாப்பாக இருந்தால் நடங்கள், திருத்தத்தை நடையின் ஊடே செய்வோம் என்றார். என் முன்னேற்றம் அதன் பிறகே தொடங்கியது. உன் தந்தை காலைச் சற்று வீசிப்போட்டு நடந்தாலும் நடக்கட்டும்.

கோலை நல்ல கையில், அதாவது அவருக்கு இடக்கையில் கொடு. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பளவு உயரம் இருந்தால் சரி. முதலில் கோல், அடுத்து வலக்கால், பிறகு இடக்கால் என்ற வரிசை பழகினால் மறக்காது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். நம் ஊர் வீடுகளில் நிலைப்படி உயரமாக இருப்பதால், வீட்டுக்குள் நன்றாக நடப்பவர்களும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அதனருகில் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்திவிடு. குந்தி அமரும் கழிப்பிடத்தின்மேல் வைக்கும் நாற்காலியும் வாங்கிவிடு. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். பக்கவாதம் வந்த பக்கத்து இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் என்பதால், உன் அம்மாவின் அச்சத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அவருக்குச் சொல்: நடக்காத எலும்பு இன்னும் விரைவாக வலுவிழக்கிறது. உண்ண, உடுத்த, முகம் கழுவ அவருக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுத்திருந்து அவரையே செய்யவிடுவதுதான் இப்போது அம்மா செய்யக்கூடிய பெரிய உதவி.

முன்னேற்றத்தைத் தொடையின் சுற்றளவைக் கொண்டு அளக்காதே. தசைக்குள் கொழுப்பு ஊடுருவியிருப்பதால் நாடா அளவு சரியாகக் காட்டாது என்று எனக்கு விளக்கினார்கள். தெருவில் சமமான இடத்தில் பத்து மீட்டர் அளந்து இரு கோடு போட்டு, அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைப் பார். 25 வினாடிக்கு மேல் ஆனால் நடை வீட்டளவில்தான் பயன்படும்; 12 வினாடியளவுக்கு வந்துவிட்டால் வெளியே தன்னந்தனியாகச் செல்லத் தகும் வேகம். கணக்கு ஆசிரியனான எனக்கு, அந்த எண் குறைந்துவருவதைப் பார்த்தது எந்த ஆறுதல் சொல்லையும்விடப் பெரிய ஊக்கமாக இருந்தது.

பயிற்சி செய்ய மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதே. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. அது மருந்தாலும் பேச்சாலும் தீரக்கூடியது. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, பசியின்மை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். அதோடு, சிறிது வேலைக்கே உடல் முழுதும் ஓய்ந்துபோகும் ஒரு களைப்பும் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அது சோம்பல்போல் தெரியும். காலை உணவு முடிந்து உடல் தெளிவாக இருக்கும் வேளையில் கடினமான பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் செவிலியர் எழுதியது:

உணவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். தசை மீள்வதற்குப் பயிற்சியோடு புரதமும் வேண்டும். முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் தந்தை 55 கிலோ என்றால் ஏறத்தாழ 55 முதல் 66 கிராம். நம் பக்கத்து உணவு கேழ்வரகையும் அரிசியையும் சுற்றியே இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 7 கிராம் புரதம்தான் இருக்கிறது. கால்சியத்துக்கு அது மிக நல்லது என்றாலும் தசைக்கு அது மட்டும் போதாது. கொள்ளில் நூறு கிராமுக்கு சுமார் 22 கிராம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு கிராம் கிடைக்கும். கொள்ளுக் குழம்பு, அவரை, துவரை, முட்டை, தயிர், மீன் என்று எது வீட்டில் இயலுமோ அதை மூன்று வேளையிலும் பிரித்துக் கொடுங்கள். சர்க்கரை நோயாளி என்பதால், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டை அறியக் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

களி பற்றி ஓர் எச்சரிக்கை. களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது நம் வழக்கம். பக்கவாதத்தில் தொண்டைத் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த உருண்டை மூச்சை அடைத்துவிடக்கூடும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா, சாப்பிட்டபின் குரல் தொண்டையில் நீர் நிற்பதுபோல் ஈரமாக மாறுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால், விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதிக்கும்வரை களியைத் தவிர்த்துவிடுங்கள். படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள்.

பாலக்கோடு வாசகி:

மூவருக்கும் நன்றி சொல்லச் சொற்கள் இல்லை. ஆசிரியர் ஐயாவின் பதிலை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அளவு நாடா எங்கே என்று அவரே கேட்டார். தண்ணீர் குடிக்கும்போது சில வேளைகளில் இருமுவது உண்மைதான், நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். வலக்கெண்டைக்கால் மாலையில் சற்று வீங்குகிறது. அதை எண்ணெய் போட்டு உருவிவிடலாமா? பாதம் தேயாமலிருக்க, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடச் சொல்கிறார்கள். அதைப் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்று வேறு சிலர் தடுக்கிறார்கள். எதைக் கேட்பது?

கிருஷ்ணகிரி இயன்முறை மருத்துவர்:

இருமல் இருப்பதால், களியை நிறுத்திவிட்டு விழுங்கும் சோதனையை இந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம். உணவும் நீரும் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும்.

கெண்டைக்காலை மருத்துவர் பார்க்கும்வரை உருவிவிடாதீர்கள். அசைவில்லாத காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதால் மாலையில் நீர் கோத்து, காலையில் வடிந்துவிடுவது பொதுவானது. ஆனால் ஒரு காலில் மட்டும் வரும் வீக்கம், ஆழ்ந்த இரத்தக்குழாயில் உறைகட்டியாகவும் இருக்கலாம். உருவும்போது கட்டி நகர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். விழுங்கும் சோதனைக்குச் செல்லும் அன்றே இதையும் காட்டுங்கள். வீக்கம் திடீரென்று கூடினாலோ, வலியும் சூடும் சேர்ந்தாலோ, மூச்சுத்திணறல் வந்தாலோ அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

ஸ்பிளிண்டைப் போடுங்கள். பாதம் தேயும் பயத்தில் நடக்காமலிருப்பதால் வரும் நட்டம், ஸ்பிளிண்டால் வரக்கூடியதாகச் சொல்லப்படும் சோம்பலைவிடப் பெரிது. கணுக்கால் சரியான கோணத்தில் தாங்கப்பட்டால், முழங்கால் பின்னே பூட்டிக்கொள்வதும் பலருக்குக் குறைகிறது. அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். கடையில் தொங்கும் பொது அளவு பலருக்குப் பொருந்துவதில்லை. நடக்கும்போது அணிந்து, உட்கார்ந்து எழும் பயிற்சியிலும் கணுக்கால் நீட்டும் பயிற்சியிலும் கழற்றிவிடுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், பருத்தி உறை அணிவித்துப் போடுங்கள்; ஒவ்வொரு முறை கழற்றியதும் குதிகாலையும் கணுக்கால் எலும்பின் இரு பக்கத்தையும் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அதை அணிவிக்காமல், செய்தவரிடமே எடுத்துச் சென்று அந்த இடத்தைத் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். மாற்றுத்திறன் 40 விழுக்காடு என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகவும் இத்தகைய உபகரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைக்கு எப்படியும் மருத்துவமனைச் சான்று தேவைப்படும் என்பதால், சோதனைக்குச் செல்லும்போதே அதற்கான படிவத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.